உவன்

அம்மாவின் உள்பாவாடை நாடாவில் முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டிருந்தது.

வழக்கமான சுருக்கு அல்ல. இறுகித் திரண்டு, நெல்லிக்காய் அளவுக்குப் பருத்து, இடுப்புத் தோலில் குழி விழும்படி பதிந்து கிடந்தது. சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு இதை என்ன செய்வதென்று யோசிக்கிற ஞானாம்பிகைக்கு, சட்டைப் பொத்தான் பூட்டுவதைக்கூட மறந்துவிட்ட ஞானாம்பிகைக்கு, இப்படி முடியத் தெரிந்தது எப்படி? மகள் உதயகலா நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள். அந்த அடியில் வயதின் தளர்ச்சி இல்லை.

"உவா இப்ப எல்லாத்தையும் முடிஞ்சு முடிஞ்சு வைக்கிறா அக்கா," என்றாள் றொசாந்தி. இல்லத்தில் பகல் வேலைக்கு வருகிற பெண். "காலமையில கத்திரிக்கோலால வெட்டித்தான் எடுக்கிறனான்."

சொல்லும்போது அவள் உதயகலாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கடைப் பையில் புது வெள்ளை நாடா கட்டுக் கட்டாக இருந்தது. ஒரு மனுசிக்கு இவ்வளவு நாடாவா என்று உதயகலா ஒரு கணம் நினைத்தாள். பிறகு மறந்துவிட்டாள்.

லண்டனில் இருக்கும் யாரோ ஒருவரின் பழைய வீட்டைத் திருத்தி, யாழ்ப்பாணத்து உடுப்பிட்டியில் வயதான பெண்களுக்கென்று நடத்துகிற இல்லம் அது. முன்னால் மண்டபம். அதில் இரண்டு வரிசைக் கட்டில்கள். அங்கிருந்து நீளமான விறாந்தை. அதன் கடைசியில் அம்மாவின் அறை. கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து உதயகலா இரவு பஸ் பிடித்து வந்து, பகல் முழுக்க அம்மாவோடு இருந்துவிட்டு, திரும்ப இரவு பஸ்ஸில் போவாள்.

பொறுப்பாளர் குகதாசன் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். நெற்றி நிறைய விபூதி, குரல் பஞ்சு மாதிரி, மேலில் எப்போதும் கற்பூரத் தைல வாசம். ஆச்சிமாரின் முழங்காலுக்குத் தன் கையாலேயே தைலம் தேய்த்துவிடுகிறாராம். அவருடைய ரப்பர் செருப்பு சீமெந்து நிலத்தில் கீச்சுக் கீச்சென்று கத்தும். உடுப்பிட்டியில் பிறந்து வளர்ந்தவர். ஊர் முழுக்கக் கையெடுத்துக் கும்பிடுகிற மனிதர்.

"உந்தக் கதிரையில இருங்கோ தங்கச்சி," என்று சொல்லி, அவள் இருந்ததும் கதிரையின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

அம்மா மகளின் தோளுக்கு மேலால் பார்த்தாள்.

"பிள்ளை. உவன் வந்திட்டான்."

"ஆரம்மா?"

"உவன்."

குகதாசன் மெல்லச் சிரித்தார். "அவன் வாறான், அவன் வாறான் எண்டு நெடுகச் சொல்லுறா. முந்தி உந்தக் கடைசி அறையில ஒருத்தன் தூக்குப் போட்டுச் செத்தவன் எண்டு சனம் கதைக்கிறது. அவனைத்தான் காணுறாவோ தெரியேல்லை. கோயில்ல குடுத்து ஒரு நூல் கட்டிவிட்டனான்."

அம்மாவின் மணிக்கட்டில் கறுப்பு நூல் இருந்தது. நூலுக்கு மேலே, முழங்கை வரைக்கும், நாலு விரலும் ஒரு பெருவிரலும் பட்டதுபோல நீலமாய்க் கண்டியிருந்தது.

"இது என்ன அண்ணை?"

"இரத்தம் பத்தாது. தொட்டாலும் கண்டும்."

சலம் போகும்போது எரிகிற சலக்கடுப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? தண்ணீர் குடிப்பதில்லை. கதிரையில் இருக்கும்போது ஏன் முகத்தைச் சுளிக்கிறாள்? மூலம் இருக்கும். குளிக்கவார்க்கப் போனால் ஏன் கத்துகிறாளாம்? மறதிக்காரர் எல்லாரும் அப்படித்தான். அவரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கேள்வி முடியுமுன்னே பதில் வந்தது. இப்படிப்பட்ட ஆளிடம் அம்மாவை விட்டது நல்லது என்றுகூட உதயகலா நினைத்தாள். நாம் எல்லாரும் அப்படித்தான் நினைப்போம். நினைக்கத் தோதாகத்தானே அந்த மனிதர் விபூதி பூசிக்கொண்டு வருகிறார்.

பின்னேரம் றொசாந்தி குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். உதயகலாவின் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கார்த்திகை மழை. பொழுதுபடுவதற்கு முன்பே வானம் கறுத்து, காற்று பனைமரங்களைப் போட்டு உலுப்பி, ஓட்டு விளிம்பால் வழிந்த தண்ணீர் வாளியில் விழுந்து விழுந்து ஒரே தாளத்தில் சத்தம் போட, ஈரச் சுவரின் பூஞ்சண வாசமும் டெற்றோல் வாசமும் ஒன்றாகி அறைக்குள் வந்து குந்திக்கொண்டன. கரண்ட் போனது. மண்டபத்தில் யாரோ ஒரு ஆச்சி இருமினாள். பிறகு அந்த இருமலும் வாயைப் பொத்திக்கொண்டதுபோல நின்றது.

உதயகலாவுக்கு அந்தத் தூக்குப்போட்டவனின் நினைவு வந்தது. வேண்டாம் என்று நினைக்க நினைக்க வந்தது. கூரையைத் தாங்கும் முகட்டு வளையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். இந்த வளையிலா? இந்தக் கட்டிலுக்கு மேலேயா? வெள்ளவத்தையில் பிளாற் வாழ்க்கைக்குப் பழகிய உடம்பு, இருட்டைக் கண்டதும் சின்னப்பிள்ளையாகிவிட்டது.

அம்மாவின் கட்டிலில் இருந்து சின்னச் சத்தம். துணியில் நகம் உரசுகிற சத்தம். இருட்டிலே அம்மா நாடாவை முடிந்துகொண்டிருந்தாள். ஒரு முடிச்சு. இழுத்து இறுக்கினாள். இன்னொன்று. மூச்சு வாங்கியது. இன்னொன்று.

"அம்மா, என்ன செய்யிறியள்?"

அம்மா இன்னொன்றை முடிந்தாள்.

விறாந்தையில் ஏதோ கேட்டது. மழையா? இல்லை. கீச். நின்றது. கீச். கிட்ட வந்தது. கற்பூர வாசம்.

அம்மாவின் விரல்கள் மகளின் கையைப் பிடித்தன. எலும்பு நோகும்படி பிடித்தன.

"பிள்ளை," என்றாள் அம்மா. "உவன்."

பின்னால் யாரோ நிற்கிறார்கள். நிச்சயமாக நிற்கிறார்கள். போனின் டோர்ச்சைத் தட்டித் திரும்பினாள்.

கதவடியில் குகதாசன். கையில் சுடுதண்ணீர்ச் சட்டி. தோளில் துவாய்.

அப்பாடா என்று இருந்தது. சிரிக்கக்கூடப் பார்த்தாள்.

"பயந்திட்டியளோ தங்கச்சி? மண்டபத்தில போய்க் கொஞ்சம் இருங்கோ. அம்மாவுக்கு மேல் துடைச்சு உடுப்பு மாத்திப்போட்டுக் கூப்பிடுறன்."

"நீங்களோ மாத்துறனீங்கள்?"

"றொசாந்தி போனாப்பிறகு இஞ்சை வேறை ஆர் இருக்கினம்?"

சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது.

உவன். அம்மா ஒரு தடவைகூட அவன் என்று சொல்லவில்லை. இந்த ஊரில் பக்கத்தில் நிற்கிறவன் இவன். கண்ணுக்கெட்டாதவன் அவன். செத்தவனும் அவன்தான். உவன் என்றால் கேட்கிறவளுக்குக் கிட்ட, சொல்கிறவளின் கண்ணுக்கு நேரே உயிரோடு நிற்கிறவன். கொழும்பில் இருந்து இருந்து உதயகலாவின் வாயில் 'உ' தேய்ந்து போயிருந்தது, காதிலும் தேய்ந்துவிட்டது. ஆனால் அம்மாவின் நாக்கில் அது தேயவில்லை. தன் பெயரை மறந்தாள், மகளின் பெயரை மறந்தாள், சுட்டிக்காட்ட வேண்டிய சொல்லை மறக்கவில்லை. காலையிலும் உவன் என்றாள். அப்போது கதிரையின் முதுகில் கையை ஊன்றி நின்றது யார்?

உந்தக் கதிரை, உந்தக் கடைசி அறை என்று வாய்க்கு வாய் 'உ' போட்டுப் பேசுகிற மனிதர், அந்த ஒரு சொல்லை மட்டும் 'அவன்' என்று மாற்றிவிட்டார். ஒரே ஒரு எழுத்து. அவ்வளவு போதுமாக இருந்தது. பேயின் மேல் பழி. நூலுக்கு ஒரு கோயில். ஊருக்கு ஒரு கதை. இனி இந்தக் கதையில் அவருக்கு மரியாதையின் 'ர்' கிடையாது.

உதயகலாவுக்குப் பயம் போகவில்லை. ஆனால் அதற்கு மேலால் கோபம் ஏறியது. இப்படி ஒரு கோபம் தன்னிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"அம்மாவில கை வைக்கக் கூடாது," என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும்.

"என்ன தங்கச்சி கதைக்கிறியள்?"

"அவன் எண்டு அம்மா சொல்லேல்லை. உவன் எண்டெல்லோ சொன்னவா."

சட்டித் தண்ணீர் ஒருமுறை தளும்பியது. அவன் அதை ஆற அமர நிலத்தில் வைத்தான். முகத்தில் அதே பஞ்சுச் சிரிப்பு.

"மறதிக்காரியின்ரை கதையை ஆர் தங்கச்சி கேக்கப்போகினம்?"

"நான் கேட்டிட்டன்."

அவனுக்குக் கேட்கும்படியே பொலிசுக்குப் போன் எடுத்தாள். பெண் பொலிஸ் வரவேண்டும் என்றாள். அம்மாவை ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்க்கும்வரை குளிக்கவார்க்கவும் மாட்டேன், உடுப்பு மாற்றவும் மாட்டேன், ஒரு துணியையும் தோய்க்க விடமாட்டேன் என்றாள். மழை, ஆனாலும் வருகிறோம் என்றது ஒரு பெண் குரல். உதயகலா அம்மாவைக் கட்டிலடியில் நின்ற தள்ளுவண்டிக் கதிரையில் ஏற்றினாள். கறுப்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்து எறிந்தாள்.

அவன் வழி விட்டு விலகி நின்றான். மரியாதையாக. கேற்றுப் பூட்டின் திறப்பு அவனுடைய அரையில் தொங்கியது.

விறாந்தை. வண்டிச் சில்லின் கடகட. மழை. பின்னால் கீச். அவள் நின்றாள். அதுவும் நின்றது. தள்ளினாள். கீச். கீச். திரும்பிப் பார்க்கவில்லை. வெளிக்கதவடியில் அம்மாவோடு இருந்துவிட்டால் போதும். பொலிஸ் வந்துவிடும்.

மண்டபம் வந்தது.

டோர்ச் வெளிச்சம் கட்டில்களின் மேல் போனது. ஒருவரும் நித்திரை இல்லை. சத்தமும் இல்லை. வரிசையாகக் கண்கள். திறந்த கண்கள். முதல் கட்டிலில் ஒரு ஆச்சி. இரண்டு கையும் இடுப்பில். விரல்களுக்கு நடுவே வெள்ளை நாடா. திரண்டு பருத்த முடிச்சு. அடுத்த கட்டில். முடிச்சு. பேச்சு நின்றுபோன, வாய் கோணிய பத்மாசினி ஆச்சி. அவளுக்கு ஒரு கைதான் இயங்கும். நாடாவின் மறு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு முடிந்துகொண்டிருந்தாள்.

றொசாந்தியின் பை. கட்டுக் கட்டாக நாடா. காலையில் கத்திரிக்கோல். ஒவ்வொரு காலையிலும். ஒவ்வொரு கட்டிலிலும்.

ஒரு கண்கூட உதயகலாவைப் பார்க்கவில்லை. எல்லாம் அவளுடைய தோளுக்கு மேலால் பார்த்தன.

"உவன்," என்றது மூலைக் கட்டில்.

"உவன்," என்றது அதற்கடுத்த கட்டில்.

உதயகலா வண்டியை அம்மாவோடு கட்டில்களின் பக்கம் தள்ளிவிட்டு, வரிசைக்கும் விறாந்தைக்கும் நடுவில் வந்து நின்றாள். டோர்ச்சைத் தூக்கி அவன் முகத்தில் பிடித்தாள். அவன் கண்ணைச் சிமிட்டவில்லை. சிரித்துக்கொண்டுதான் நின்றான். அவளுக்குப் பின்னால், இருட்டில், கட்டில் கட்டிலாக முடிச்சு இறுகுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.