புதுச்சத்திரம் வரைக்கும்

தினமும் காலை ஆறு மணிக்கு, பல்கூடத் துலக்காமல், இசக்கி திரையின் முன் வந்து உட்கார்ந்து "திருநெல்வேலி" என்பாள். அந்தப் பக்கத்திலிருந்து முனிரத்தினம் "ஓசூர்" என்பார். இரண்டு ஊரும் பதிவான பிறகுதான் புருஷனும் பெண்டாட்டியும் தூங்கினியா, சாப்பிட்டியா என்று பேசிக்கொள்ளலாம். இருபத்துமூன்று வருடக் குடித்தனம் இப்படித்தான் நடந்தது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாகக்கூட இருக்கும்.

இருவரும் உயிர்ச்சாவிகள். டயாலிசிஸ் வடிகட்டி செய்யும் பதினோரு ஆலைகளின் சர்வர்கள் ஏதாவது கோளாறில் மூடிக்கொண்டால், அவற்றைத் திறக்க உலகத்தில் இரண்டே மூளைகள்தான் உண்டு; ஒன்று போனாலும் மற்றது திறக்கும். கடவுச்சொல்லைத் திருடலாம், விரல்ரேகையைத் திருடலாம். பதினான்கு மாதம் பழக்கிய மூளையின் துடிப்பை எவனும் திருட முடியாது. அதனால் சாவியை மனிதருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். நல்ல ஏற்பாடுதான், போங்கள். இரண்டு சாவியும் ஒரே பையில் கிடந்து தொலைந்தால் என்ன ஆகும் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

ஒருமுறை அதுவும் நடந்தது. அப்போதைய சாவிக்காரர்கள் இருவரும் நண்பர் வீட்டு வளைகாப்புக்கு ஒரே வேனில் போக, வேன் கவிழ்ந்தது. பழைய பூட்டையே பிரித்தெறிந்து புதிதாகப் போடும்வரை ஆலைகள் நாற்பது நாள் நின்றன. வடிகட்டி கிடைக்காமல் அந்த நாற்பது நாளில் செத்துப்போனவர்களில் இசக்கியின் தம்பியும் ஒருவன். உதடு வெடித்து, முகம் வீங்கி, அக்காவின் கையைப் பிடித்தபடி போனான்.

அவள் வேலைக்குச் சேர்ந்து முதலில் எழுதியது இடைவெளி விதி. உயிரோடிருக்கும் இரண்டு சாவிகள் சாலைவழி இருநூறு கிலோமீட்டருக்குள் வரக்கூடாது. வந்தால், யாரோ இருவரையும் கடத்துகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு ஆலைகள் தாமே பூட்டிக்கொள்ளும்; கிருமிநீக்கி மறுபடி ஓட்ட நான்கு நாளாகும். எந்த வண்டியும் அவர்களை ஏற்றிக்கொண்டு அந்தக் கோட்டைத் தாண்டாது. விதியைத் தளர்த்த வேண்டுமானால் இருவரும் மூளைத் துடிப்பைப் படிக்கும் தத்தம் இருக்கையில் விழிப்போடு உட்கார்ந்து சம்மதம் தர வேண்டும், பொறுப்பேற்க மூன்றாமவர் ஒருவர் இருக்க வேண்டும். வெள்ளத்துக்கும் தீக்கும் வேலைநிறுத்தத்துக்கும் விலக்கு எழுதினாள். சாவுப் படுக்கைக்கு எழுதவில்லை. இருபத்தைந்து வயதில் அதெல்லாம் யாருக்குத் தோன்றும்?

முன்பு மூன்றாவது சாவிக்காரர் ஒருவர் இருந்தார். அவர் தயவில் வருடத்துக்கு நான்கு நாள் இவர்கள் ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டார்கள். ஒன்பது வருடம் ஆலைகளில் ஒரு நொடிகூட நிற்பு இல்லை என்று மேலிடம் விழா எடுத்துப் பாராட்டியது. அத்தோடு, நிற்பே இல்லாதபோது மூன்றாவது ஆள் எதற்கு என்று அந்த நாற்காலியையும் எடுத்துவிட்டது. ஒழுங்காக வேலை பார்த்ததற்கு இப்படி ஒரு பரிசு! அது நடந்து ஆறு வருடம் ஆயிற்று.

அன்று காலை "ஓசூர்" வரவில்லை. அவருடைய தங்கை மல்லம்மா ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தாள். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். சாயங்காலம் வரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

இசக்கி கட்டியிருந்த சேலையோடு காரில் ஏறினாள். மதுரை தாண்டுவதற்குள் மேலிடத்துக் கதிரேசனிடம் ஏழு முறை பேசினாள், கெஞ்சினாள், வாயில் வந்தபடி ஏசினாள். பாவம், அவனும் அழுதான். இருக்கையில் உட்கார அவரால் முடியாது, மூன்றாவது ஆளும் கிடையாது, உங்கள் விதியை உடைக்க எனக்கு வழி தெரியவில்லை மேடம் என்றான். நாமக்கல் தாண்டி, புதுச்சத்திரத்தில், கார் ஓரம்கட்டி நின்றது. போ என்றாள். போகவில்லை. கதவை ஓங்கி அடித்தாள். அதற்கென்ன, வலிக்கவா போகிறது?

மூன்று மணி சுமாருக்கு மல்லம்மா போனை அண்ணனின் காதருகே வைத்தாள்.

"எங்க வந்துட்ட?" என்றார். குரல் நூலாக இருந்தது.

"புதுச்சத்திரம். இன்னும் கொஞ்சம் நடந்தா உள்ள வந்துருவேன்."

"ஆறு வருஷத்துல இதான் ரொம்பக் கிட்ட" என்று சிரிக்கப் பார்த்தார்.

"நடந்து தாண்டிருதேன். எல்லாம் நிக்கட்டும். நாலு நாள்தான?"

"நாலு நாள்ல எத்தனை பேர்னு உனக்குத் தெரியும், இசக்கி." பிறகு, "ஆனா வராதன்னு சொல்ல மனசு வரல. வந்துடேன்" என்றார்.

இதுவரை எதையும் கேட்காத மனிதர். இசக்கி காரை விட்டு இறங்கி சாலையோரமாக வடக்கே நடந்தாள். முன்பின் தெரியாத ஒரு லாரிக்காரர் தண்ணீர் வேண்டுமா அம்மா என்று கேட்டதுகூட அவள் காதில் ஏறவில்லை. கையிலிருந்த போன் இருபது அடி, பதினைந்து அடி என்று எச்சரித்துக்கொண்டே வந்தது. ஐந்து அடி என்றபோது கால் நின்றுவிட்டது. தம்பியின் வீங்கிய முகம் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் யார் யாரோ தெரியாத அக்காமார்கள், தெரியாத தம்பிமார்கள். அவளுக்கு அவர் வேண்டும். அவரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். ஆனாலும் அந்த ஐந்து அடியை வைக்க அவளால் முடியவில்லை.

திரும்பி வந்து காரில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

நான்கு மணி இருக்கும். கார் தானாகக் கிளம்பி சாலையில் ஏறியது.

கதிரேசன் எப்படியோ சாதித்துவிட்டான் என்று ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மனசெல்லாம் பூரித்துப்போய்விட்டது. அப்புறம்தான் தன் கையால் எழுதிய வரி நினைவுக்கு வந்தது. உயிரோடிருக்கும் இரண்டு சாவிகள்.

"நிறுத்து" என்றாள்.

"பாதையில் தடை இல்லை. ஓசூருக்கு இரண்டு மணி ஐம்பது நிமிடம்" என்றது கார்.

"தடை இருக்கு. அவரு இருக்காரு. நல்லாப் பாரு."

கார் மறுபடி பார்த்துவிட்டு, அதே மரியாதையோடு அதையே சொன்னது. மடியில் போன் ஒலித்தது. திரையில் மல்லம்மாவின் பெயர். நிறுத்து, நிறுத்து என்று இசக்கி கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். ராசிபுரம் போனது, சேலம் போனது. கார் நல்ல வேகத்தில், ஓரிடத்திலும் நிற்காமல், அவளை அவரிடம் கொண்டுபோனது.