ஆள் இருக்கிற இடம்

நாற்காலியின் நான்கு கால்களும் மணலில் ஒரு சாண் ஆழத்துக்குப் புதைந்திருந்தன, கனத்த ஆள் ஒருவர் அதில் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் போல. சுற்றிலும் காலடித் தடம் இல்லை. டயர்த் தடமும் இல்லை. அதன் பச்சை இருக்கைத் துணியில் யூகலிப்டஸ் இலைகள் விழுந்து, மழையில் ஊறி, கறுத்து ஒட்டிக் கிடந்தன.

ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றங்கரையில் கூடாரம் போடுகிற எல்லாருக்கும் இது தெரியும். கடைக்கோ விறகுக்கோ போகிறவர்கள் ஒரு நாற்காலியை விட்டுவிட்டுப் போவார்கள். நாற்காலி நின்றால் அந்த இடத்துக்கு ஆள் உண்டு. அதை யாரும் தொடமாட்டார்கள். ஜாரட்டும் தொட்டதில்லை. மனைவி கிர்ஸ்டி இருந்தவரை அவர்களும் அப்படித்தான் இடம் பிடித்தார்கள்.

கிர்ஸ்டி இறந்து பதினொரு மாதம். ஆறு வயது மகள் இமிக்கு இப்போது அவன் மட்டும்தான். அவன் குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே வந்து உட்கார்ந்துகொள்வாள். ஆற்றங்கரையில் நாலு நாள் இருந்துவிட்டு வா, இரண்டு பேருக்கும் மனசு ஆறும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மூன்று மணி நேரம் ஓட்டி வந்திருந்தான். ஆற்றின் மற்ற வளைவுகளெல்லாம் சேறு. இங்கே மட்டும் காய்ந்த மணல்.

அவன் நாற்காலியைப் பிடுங்கினான். எளிதில் வரவில்லை. பாதையோரம் கொண்டுபோய் ஒரு மரத்தில் சாய்த்து வைத்தான்.

"ஏய் தம்பி."

நூறு அடி தள்ளி, கேரவன் வாசலில் ஒரு கிழவர் பீர் டின்னோடு நின்றார். வரும்போது கையசைத்துத் தன் பெயர் மெர்வ் என்று சொன்னவர். இப்போது கையசைக்கவில்லை.

"அது ஆள் இருக்கிற இடம்."

"ஆள் எங்க?"

"நாற்காலி இருந்துச்சுல்ல. அதுக்கு மேல உனக்கு என்ன வேணும், ரசீதா?"

"இலை விழுந்து மக்கிக் கிடக்கு மெர்வ். மறந்துட்டுப் போயிருப்பாங்க."

"சிட்டிக்காரன் வந்து எனக்குப் பாடம் எடுக்கறான். பன்னெண்டு நாளா இங்க கிடக்கேன், நான் ஏன் அந்த நல்ல மணல்ல போடாம இந்தச் சேத்துல போட்டேன்னு நினைக்கற? அழகு பாக்கவா?"

ஜாரட் கூடாரத்தை விரித்தான். இமி முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

ஜூலை மாதத்துக் குளிர்கால வெளிச்சம் நாலரை மணிக்கே மங்கத் தொடங்கியது. ஆறு சத்தமில்லாமல், பழுப்பாக, மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையில் கொண்டைக்கிளிகள் கூட்டமாக வந்திறங்கிக் கத்தின, பிறகு எல்லாம் ஒரே நேரத்தில், யாரோ அதட்டியதைப் போல, வாயை மூடிக்கொண்டன. அப்போதுதான் சேற்றுவாடையோடு இன்னொரு வாடையும் இருப்பதை அவன் உணர்ந்தான், நனைந்த கம்பளியை மூட்டையில் கட்டி மறந்துபோன வாடை. இருவரும் விறகு பொறுக்கப் போனார்கள். பத்து நிமிடம்கூட இருக்காது.

திரும்பியபோது நாற்காலி கூடாரத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே நின்றது. முதுகு ஆற்றின் பக்கம். முன்பக்கம் அவர்கள் கூடாரத்தின் பக்கம்.

ஜாரட்டுக்கு முகம் சூடேறியது. கிழவனின் வேலை. தீ மூட்டினான். இமி ஈர பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தீயருகே காலை நீட்டியிருந்தாள்.

"ரெண்டே நிமிஷம். எங்கயும் போகாத."

"நானும் வரேன்ப்பா."

"பூட்ஸ் ஈரம். இங்கேருந்து பாத்தா நான் தெரிவேன்."

மெர்வ் கேரவனை வண்டியோடு பூட்டிக்கொண்டிருந்தார். சங்கிலி கொக்கியில் ஏறவில்லை.

"இந்த விளையாட்டெல்லாம் வேணாம் மெர்வ். சின்னப் பொண்ணு இருக்கா."

"நான் தொடல."

"அப்போ அதுவா நடந்து வந்துச்சா?"

மெர்வ் நிமிர்ந்தார். அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தார்.

"பொண்ண அதுகிட்டயா விட்டுட்டு வந்த? மடையா, போ. போ."

ஓடினான். பின்னால் கேரவன் கிளம்பும் சத்தம். திரும்பவில்லை.

இமி தீயருகே இருந்தாள். நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் ஏதாவது சொல்லும்போது ஆட்டுவதைப் போல.

"யார்கிட்டம்மா பேசற?"

"நான் பேசல. அவங்கதான் பேசறாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நாம அவங்க இடத்துல இருக்கோமாம்ப்பா. அதனால அவங்க நம்ம இடத்துல உட்காருவாங்களாம்."

நாற்காலியின் கால்கள் ஆழமாகப் புதைந்திருந்தன. துணி நடுவில் தொங்கியது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துணி மெல்ல மேலெழும்பி இறுகியது. கால்கள் மணலிலிருந்து விரலளவு உயர்ந்தன.

எழுந்துவிட்டது.

இமியை வாரியெடுத்தான். கூடாரம் கிடக்கட்டும். எல்லாம் கிடக்கட்டும். காரின் பின்கதவைத் திறந்து அவளுடைய இருக்கையை முதலில் தடவிப் பார்த்தான். உலர்ந்திருந்தது. வெறுமையாக இருந்தது. மறுபடி தடவினான். அவளை உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினான். கொளுக்கி அழுந்தும் சத்தம் கேட்டது. அப்பாடா.

முன்னால் ஓடினான். ஏறினான். கதவைச் சாத்தினான். எஞ்சின் பிடித்தது. விளக்கு எரிந்தது. கியரைப் போட்டான்.

தொடைக்கு அடியில் ஈரம்.

குளிர்ந்த ஈரம். கம்பளி வாடை.

ஈரத்துக்குள் ஏதோ கெட்டியாக இருந்தது. இரண்டு. அருகருகே. முட்டிகள்.

அவன் ஒருவர் மடியில் உட்கார்ந்திருந்தான்.

எழப் பார்த்தான். பெல்ட் குறுக்கே வந்து இறுகியது. அவன் அதை இழுக்கவே இல்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு நெஞ்சு விரிந்தது, சுருங்கியது. அவன் பாதத்தின் மேல் இன்னொரு பாதம் ஏறி அழுத்தியது.

கார் நகர்ந்தது.

"அப்பா," என்றாள் இமி. "ரோடு அந்தப் பக்கம்."

அவன் ஸ்டீயரிங்கைத் திருப்பினான். அது திரும்பவில்லை. பிரேக்கைத் தேடினான். கால் வரவில்லை. பின்னால் கையை நீட்டினான், அவளுடைய கொளுக்கிக்கு. அதை அழுத்தித் திறக்க அவள் விரல்களுக்கு இன்னும் பலம் கிடையாது. அவன் விரல் அவளுடைய காலுறையைத் தொட்டது. அதற்கு மேல் எட்டவில்லை. முழங்கையை யாரோ மடக்கி, மெதுவாக, அவன் மடியிலேயே திரும்ப வைத்தார்கள்.

விளக்கு வெளிச்சம் மணலைக் கடந்தது. பழுப்புத் தண்ணீரின் மேல் நீண்டது. பிறகு தண்ணீருக்குள் இறங்கி, பச்சையாகி, அடியில் வெகுதூரம் வரை தெரிந்தது. அங்கே மணலில், வரிசை வரிசையாக, கார்கள் நின்றிருந்தன. எல்லாவற்றிலும் ஆள் இருந்தது.