பெர்மிட் இல்லாமல் ஒரு கொலை!

காலை ஏழு நாற்பது.

ரவாங் தொழிற்சாலை வாசலில், பஞ்ச் கார்டு வரிசையில் நின்றிருந்த பிரேமலாவின் போன் அலறியது.

"ஹலோ... பிரேமலாதானே?"

"ஆமா. யாரு?"

"குவாலா சிலாங்கூர் போலீஸ். இன்ஸ்பெக்டர் ஆன்ட்ரூ பேசறேன். உங்க ட்ரோன் கிடைச்சிருச்சும்மா."

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு!

மூன்றே வாரத்து ட்ரோன். நேற்று மாலை ஈஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பறக்கவிட்டாள். மேலே போனது. இன்னும் மேலே போனது... அப்புறம் காணவே இல்லை. இருட்டும்வரை மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

"ஐயோ, ரொம்ப தேங்க்ஸ் சார்! ஸ்டிக்கர்ல நம்பர் பார்த்தீங்களா? எங்க சார் கிடைச்சது?"



"ஒரு பொணத்துக்குப் பக்கத்துல!"

*

இன்ஸ்பெக்டர் ஆன்ட்ரூவின் மேஜைமேல் சீல் வைத்த பிளாஸ்டிக் பை. அதற்குள் அவளுடைய ட்ரோன்.

அதன் ஒரு காலில்... காய்ந்துபோன ரத்தம்!

"செத்தவர் பேரு ரெங்கசாமி. அறுபத்திரண்டு வயசு. அந்தத் தோட்டத்து ஜாகா. பின்மண்டையில பலமான அடி. காலையில செம்பனைக் குலை வெட்டப் போனவங்க பார்த்திருக்காங்க."

பிரேமலா ட்ரோனிலிருந்து கண்ணை எடுத்தாள். ஜாகாவா? நேற்று ஐந்தரை மணிக்குக் கேட்டைத் திறந்துவிட்ட அந்தக் காவல்காரரா? 'மரத்துல மாட்டிக்கப் போவுது, பார்த்து விடும்மா' என்று சிரித்தாரே!

"சார்... நான் அவரைக் கொன்னுட்டேனா?"

"கேள்வி கேக்கறது என் வேலை." அவர் பேனாவைத் திறந்தார். "ட்ரோன் விட பெர்மிட் இருக்கா?"

"இல்ல சார்..."

"எவ்வளவு உயரம் போச்சு?"

"நானூறு அடி தாண்டக்கூடாதுன்னு தெரியும் சார். ஆனா... தாண்டிருச்சு."

"தாண்டிருச்சா, தாண்டவிட்டீங்களா?"

"...தாண்டவிட்டேன்."

"கண்ணுக்குத் தெரியற தூரத்துலதான் இருந்துச்சா?"

"இல்ல சார். கொஞ்ச நேரத்துல மறைஞ்சிருச்சு."

"கீழ ஆளு இருக்காங்களான்னு பார்த்தீங்களா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பேனா எழுதிக்கொண்டே போனது. ஒவ்வொரு பதிலும் அவள் கழுத்தில் ஒரு சுற்று கயிறாக விழுந்தது.

திறந்திருந்த கதவுக்கு வெளியே, பெஞ்சில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் குடை. அழவில்லை. பிரேமலாவையே வெறித்துப் பார்த்தாள்.

"அவங்க..?"

"நல்லம்மாள். ரெங்கசாமியோட சம்சாரம்."

அந்த அம்மாள் மெல்லக் கேட்டாள்.

"வெளயாட்டுச் சாமானா அது?"

பிரேமலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெயில்கூடப் பரவாயில்லை... இந்த அம்மாளை இனி எப்படி ஏறெடுத்துப் பார்ப்பது? உடைந்துபோய் அழுதாள்.

அப்போதுதான் அவசரமாக உள்ளே வந்தார் சேது.

ரவாங்கில் ஞாயிறுதோறும் ட்ரோன் வகுப்பு எடுப்பவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரூல்ஸ்' சேது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார வைத்தாலும், சாம்பார் வருவதற்குள் நாலு சட்டம் சொல்லிவிடுவார்! ஸ்டேஷனுக்கு வரும் வழியில் பிரேமலா அழுதுகொண்டே அவருக்குத்தான் போன் செய்திருந்தாள்.

"சார், இந்தப் பொண்ணு என் ஸ்டூடன்ட். தெரியாம நடந்திருச்சு லா. ஆக்ஸிடென்ட்."

"அதை முடிவு பண்ண வேண்டியது நாங்க, மிஸ்டர் சேது. உக்காருங்க."

சேது உட்கார்ந்தார். பிரேமலா பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரும்மா. ஒத்துக்கோ. மேல இருந்து விழுந்திருச்சு, தலையில பட்டிருச்சு. வேணும்னா செஞ்ச? நல்ல லாயரா நான் பார்த்துத் தரேன். இழுத்தடிச்சா உனக்குத்தான் கஷ்டம்."

"எனக்கு எதுவுமே புரியல மாஸ்டர்... ஒரு மனுஷன் செத்துட்டாரே!"

"புரியலையா? முதல் க்ளாஸ்லயே என்ன சொன்னேன்?" அவர் விரலை மடக்க ஆரம்பித்தார். பழக்க தோஷம்! "பெர்மிட் இல்லாம ஏத்தாத. நானூறு அடி தாண்டாத. கண்ணைவிட்டு மறையவிடாத. ஆளுங்க தலைக்கு மேல போகாத. ஒண்ணாவது கேட்டியா? இதுல கண்ட சாமானைக் கட்டித் தொங்கவிடறது வேற! புதுக் காருக்குக் கட்டற மாதிரி எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டி அனுப்பியிருக்க. ட்ரோன் என்ன லோரியா?"

பிரேமலாவின் அழுகை சட்டென்று நின்றது.

நிமிர்ந்தாள்.

"மாஸ்டர்... அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எது?"

"எலுமிச்சம்பழம்!"



"நீதானே போன்ல சொன்ன..."

"சொல்லல! தோட்டத்துல வச்சுத்தான் கட்டினேன். கண்ணு பட்டுரக் கூடாதுன்னு, நேத்து சாயங்காலம், ஏத்தறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி கட்டினேன். சிரிப்பீங்கன்னு உங்ககிட்ட சொல்லல. வெக்கமா இருந்துச்சு, இன்ஸ்பெக்டர் சார்கிட்டகூட சொல்லல!"

"அட... இந்தா, இந்தப் பையில இருக்கிற ட்ரோன்ல பார்த்தேன் லா..."

ஆன்ட்ரூ பையை மெல்லத் தூக்கினார். இந்தப் பக்கம் திருப்பினார். அந்தப் பக்கம் திருப்பினார்.

"எனக்கு ஒரு மிளகாய்கூடத் தெரியலையே, மிஸ்டர் சேது?"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது!

சேது பாய்ந்தார். கதவைத் தாண்டினார். வெளியே போக இன்னும் பத்தடிதான்...

பெஞ்சில் உட்கார்ந்திருந்த நல்லம்மாள் எழுந்திருக்கவில்லை. கத்தவில்லை. குடையை மட்டும் குறுக்கே நீட்டினாள்.

தடால்!

மூன்று போலீஸ்காரர்கள் அவர்மேல் விழுந்தார்கள்.

*

மாலை நான்கு மணி. ஸ்டேஷனில், பிரேமலாவின் முன்னால் ஒரு கிளாஸ் தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் ஒத்துக்கிட்டார்," என்றார் ஆன்ட்ரூ. "ஞாயித்துக்கிழமை க்ளாஸ். மத்த நாள்ல திருட்டு. வெட்டின குலையை ரோட்டோரம் குமிச்சு வச்சிருப்பாங்கல்ல? ட்ரோனை மேல விட்டு, குலை எங்க கிடக்கு, ஜாகா எந்தப் பக்கம் போறார்னு பார்ப்பார். ஜாகா அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் லோரி வந்து அள்ளிரும். நேத்து ரெங்கசாமி வழக்கமான பாதையில போகல. நேரா வந்து, குலை அள்ளிக்கிட்டிருந்த இவங்க முன்னால நின்னுட்டார். இரும்புக் கம்பியால சேது ஒரே அடி."

"என் ட்ரோன் எப்படி சார் அங்க..?"

"ரெங்கசாமி கையில இருந்துச்சு. சிக்னல் போய் உங்க ட்ரோன் செம்பனை மட்டையில மெத்துன்னு விழுந்திருக்கு. அவர்தான் தட்டி எடுத்திருக்கார். அடிபட்டு அவர் கீழ விழுந்ததும் சேது ஸ்டிக்கரைப் பார்த்துட்டார். நம்ம ஸ்டூடன்டு! பெர்மிட் வேற கிடையாது! பழியைப் போட இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா? ட்ரோன் கால்ல ரத்தத்தைத் தடவிட்டார்."

"எலுமிச்சம்பழத்தை ஏன் சார் கழட்டணும்?"

"வானத்துல இருந்து ட்ரோன் மண்டையில விழுந்தா, அடியில தொங்கற பழம்தானே முதல்ல நசுங்கணும்? அதுல ஒரு கீறல்கூட இல்ல. அதான் அறுத்துக் கால்வாய்ல வீசிட்டார். எங்க ஆளுங்க மத்தியானம் எடுத்துட்டாங்க."

பிரேமலா மூச்சுவிட்டாள். தான் கொல்லவில்லை! அந்த ஒரு வார்த்தை போதும்... இன்னும் ஐம்பது வருஷத்துக்குப் போதும்.

"ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கு," என்றார் ஆன்ட்ரூ. இப்போது அவர் குரல் மாறியிருந்தது. "நேத்து ஆறு அம்பதுக்கு உங்களுக்கு ஒரு கால் வந்திருக்கு. நீங்க எடுக்கல."

"தெரியாத நம்பர் சார். பெர்மிட் கொடுக்கற ஆபீஸ்ல இருந்து கூப்பிடறாங்களோன்னு பயந்து..."

"அது ரெங்கசாமி. 'அந்தப் பொண்ணு தேடிக்கிட்டு இருக்கும், கேட்டுக்கே கொண்டு போயிக் கொடுத்துட்டு வரேன்'னு சம்சாரத்துக்குப் போன்ல சொல்லியிருக்கார். அதான் வழக்கமான பாதையில போகல."

பிரேமலா தன் போனைப் பார்த்தாள். எடுத்திருந்தால்? 'அங்கேயே இருங்க ஐயா, நானே வரேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்?

வெளியே போனாள். நல்லம்மாளின் காலடியில் உட்கார்ந்தாள். சொன்னாள், எல்லாவற்றையும். எடுக்காத அந்தப் போனையும் சேர்த்து.

நல்லம்மாள் குடையைக் கீழே வைத்தாள். பிறகு பிரேமலாவின் தலையில் கை வைத்தாள்.

"அவரு யாரு பொருளையும் ஒரு ராத்திரி வச்சிருக்க மாட்டாரும்மா," என்றாள்.

அப்போதுதான் நல்லம்மாள் அழுதாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள்.

ஆன்ட்ரூ கதவருகே வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். கையில் ஒரு காகிதம்.

"இந்த நேரத்துல சொல்லக் கூடாதுதான். ஆனா கடமை. பெர்மிட் இல்லாம பறக்கவிட்டது தனிக் கேஸ், பிரேமலா. விசாரணைக்கு லெட்டர் வரும். இனிமேலாவது ரூல்ஸை ஒழுங்கா ஒருத்தர்கிட்ட கத்துக்கிட்டு ஏத்துங்க."

பிரேமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"யார்கிட்ட சார் கத்துக்கறது? ரவாங்லயே ரூல்ஸ் முழுசா தெரிஞ்ச ஒரே ஆளை இப்பதானே லாக்கப்ல போட்டீங்க!"