இரண்டாவது கோடு

ஹைதராபாத்தில் வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மே மாத மத்தியானம், வாரங்கல்லிலிருந்து கோடைப் பயிற்சிக்கு வந்த லஹரி அந்தப் பழைய ஆய்வுக்கூடத்தின் குளிரறைக்குள் முதன்முதலாக நுழைந்தாள். ஈர உப்பும் துருவும் கலந்த வாசம். எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

புரதத்தின் உருவத்தைக் காண முதலில் அதைப் படிகமாக்க வேண்டும். எட்டு வாரத்தில் படிகம் வந்தால் இங்கேயே ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் என்று பேராசிரியர் வெங்கய்யா சொல்லியிருந்தார். படிகம் என்ன, கூப்பிட்டவுடன் வருகிற பூனையா?

சீனியர் மல்லேஷ் ஒரு குச்சியை நீட்டினான். நுனியில் ஒற்றைத் தலைமுடி ஒட்டியிருந்தது.

"பழைய கிரிஸ்டல் பொடியில இதைத் தொட்டு, புதுப் புரதத் துளியில ஒரே ஒரு கோடு இழு. கோடு போன வழியில முளைக்கும்."

"யார் முடிண்ணா?"

"சுமலதா அக்காவோடது. அஞ்சு வருஷம் இதே புரதத்தோட மாரடிச்சாங்க. பொடியாவே வந்துச்சு, ஒண்ணும் தேறல." குரலைத் தாழ்த்தினான். "இந்த ரூம்லயேதான் செத்துப் போய்ட்டாங்க. சார் முன்னாடி பேசிடாத."

லஹரி தட்டிலிருந்த இருபத்து நான்கு துளிகளிலும் ஒவ்வொரு கோடு இழுத்து, கிரீஸ் தடவிக் கண்ணாடிச் சில்லால் அடைத்தாள். காற்றுகூடப் புகாது.

நான்காம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தாள்.

ஒவ்வொரு துளியிலும் இரண்டு கோடுகள்.

அவள் இழுத்த கோட்டில் வெறும் பொடி. அதைக் குறுக்கே வெட்டிய இரண்டாவது கோட்டில், கல்கண்டு உடைத்துப் போட்டாற்போல் படிகங்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆசை யாரை விட்டது? வெங்கய்யா எல்லோருக்கும் இரானி டீ வாங்கிக் கொடுத்து, "இந்தப் பொண்ணுக்குக் கைராசி" என்றார். இடம் உறுதியானது.

அன்றிலிருந்து அவள் நுண்ணோக்கியில் குனிந்தால் பின்கழுத்தில் மூச்சு பட்டது.

அந்தக் குளிரிலும், சூடாக.

மூன்றாம் வாரம் தாங்க முடியாமல் வெங்கய்யா முன் போய் நின்றாள். "சார், அதை நான் பண்ணல."

"பின்ன எங்க தாத்தாவா வந்து பண்ணினாரு? கிரிஸ்டல் வந்துச்சா இல்லையா? போய் அடுத்த ட்ரே போடும்மா."

கோடே இழுக்காமல் அடுத்த தட்டை அடைத்து வைத்தாள்.

மறுநாள் எல்லாத் துளிகளிலும் ஒரு கோடு இருந்தது.

இடமும் வேண்டாம், படிகமும் வேண்டாம் என்று அழுதுகொண்டே குச்சியிலிருந்த முடியைப் பிய்த்தெறிந்தாள். கிடைத்த பஸ்ஸில் ஏறி ஊருக்கு ஓடினாள்.

ஐந்தாம் நாள் காலை மல்லேஷ் போன் செய்தான்.

"ஏய், எப்ப வந்துட்டுப் போன? இன்னிக்குத் தேதி போட்டு ஒரு ட்ரே இருக்கு. உன் கையெழுத்துதான். கிரிஸ்டல் ஒவ்வொண்ணும் சும்மா ஜொலிக்குது!"

"அண்ணா, நான் வாரங்கல்ல இருக்கேன்."

"கதை விடாத. குச்சியில புது முடி ஒட்டியிருக்கியே, உன் மருதாணிச் செம்பட்டை எனக்குத் தெரியாதா?"

லஹரி பின்னலை முன்னால் இழுத்தாள். சற்றுமுன் அம்மா பின்னிவிட்டபோது முழுசாக இருந்தது. இப்போது நுனி, கத்தரி வைத்தாற்போல் நேராக வெட்டுப்பட்டிருந்தது.

அவள் கண்ணெதிரே இன்னொரு கொத்து அறுந்தது.

அது தரையில் விழவேயில்லை.