நான் என்ன அருவியா?

வேனில் இருந்த பயணிகளுக்கு அருவியைக் காட்டுவதற்காக இரண்டு கைகளையும் தூக்கினேன். ஸ்டியரிங்கைப் பிடிக்க மூன்றாவது கையைக் கடவுள் எனக்குத் தரவில்லை...

எங்கள் கிரெனடா தீவின் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்க வேண்டும். சாலையோரம் சாக்கில் கொக்கோ கொட்டை காயவைப்பவர்கள் அந்தச் சத்தம் கேட்டுத்தான் சாக்கை இழுத்து வழிவிடுவார்கள். வெள்ளைக்காரப் பயணிகளிடம் கதை அளக்கும் மும்முரத்தில் நான் ஹாரனை மறந்துபோனேன். வேன் சறுக்கிக்கொண்டே போய், காய்ந்துகொண்டிருந்த கொக்கோவின் நடுவே நின்றது.

ஒரு பெண் வந்தாள். மழைக்கு முந்திய வானம் போன்ற கண்கள்... இடி மட்டும்தான் பாக்கி.

"ஹாரனை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டீங்களா, டிரைவரே?"

"மன்னிச்சிடுங்க... நான் ஆல்ஸ்டன். உங்க பேரு?"

"எதுக்கு? வேன்ல எழுதவா? செருப்பைக் கழட்டுங்க."

கழற்றினேன். சிதறியதை அள்ளிப் பரப்பினேன். பிறகு அவளோடு வெறுங்காலால் கொட்டைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கிளறினேன். எங்கள் ஊரில் இதைக் கொக்கோ ஆட்டம் என்போம். அவள் ஆடினாள், நான் வழுக்கினேன். பயணிகள் படம் பிடித்தார்கள்.

அவள் பெயர் டெல்ஃபீன் என்பதை அடுத்த வீட்டுக்காரர்தான் சொன்னார். அவளிடம் எதைக் கேட்டாலும் கேள்விதான் திரும்பி வரும். "நல்லா இருக்கீங்களா?" என்றால், "ஏன், டாக்டரா நீங்க?" என்பாள். நான் விடவில்லை. தினமும் அந்த வளைவில் மூன்று முறை ஹாரன் அடித்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்... ஆனால் ஒவ்வொரு நாளும் சாலையோரத்தில்தான் நிற்பாள். விட்டுவிட முடியுமா?

இங்கேதான் என் வாய் என்னைக் கவிழ்த்தது.

"இடப்பக்கம் பாருங்க! இந்தத் தீவிலேயே ரொம்பக் கோபக்கார அழகி!" என்று ஒரு நாள் பயணிகளிடம் முழங்கினேன். எல்லாரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

டெல்ஃபீன் வேனருகே வந்தாள். கண்களில் இடி இல்லை, மழைதான் இருந்தது.

"நான் என்ன அருவியா, காட்டுறதுக்கு?"

பொய்க்குப் பஞ்சமில்லாத நான், வேனைக் கிளப்பிக்கொண்டு ஓடிவிட்டேன்.

அதற்குப் பிறகு கடற்கரை வழியாகச் சுற்றிப் போனேன். பயணிகளிடம் பாறையைக் காட்டினேன், படகைக் காட்டினேன். மனதில் மட்டும் அந்த வளைவு... மன்னிப்புக் கேட்காமல் இந்த ஜென்மம் நகராது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வேனை வீட்டில் விட்டுவிட்டு மலையேறினேன். பாதி வழியிலேயே மழை. அவள் வீட்டு முற்றத்தில், மழை வந்தால் வீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவதற்காகச் சக்கரம் வைத்த பெரிய கொக்கோ தட்டுகள் திறந்து கிடந்தன. அவள் ஒருத்தியாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஓடிப் போய் மறுபக்கம் பிடித்தேன். முற்றத்துத் தண்டவாளத்தில் தட்டுகள் உருண்டு, ஒவ்வொன்றாக, உயர்த்திக் கட்டிய வீட்டின் அடியில் புகுந்தன. கடைசித் தட்டோடு நாங்களும் உள்ளே ஒதுங்கினோம். தலை சொட்டியது... மூச்சு வாங்கியது.

"எங்க உங்க கூட்டம்?" என்றாள்.

"யாரும் இல்ல. இனிமே யாருக்கும் உங்களைக் காட்ட மாட்டேன். தப்பு பண்ணிட்டேன், டெல்ஃபீன்."

"இதைச் சொல்லவா இந்த மழையில வந்தீங்க?"

"இல்ல. இன்னொண்ணும் இருக்கு. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா? திரும்ப என்னைக் கேள்வி கேக்கக் கூடாது. மழை நின்னாலும் பதில் வாங்காம போக மாட்டேன்."

கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். வீரன்தான்!

ஈரமான ஒரு விரல் என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த கொக்கோ கொட்டையை எடுத்தது.

"ஹாரன் சத்தம் இல்லாம இந்த வாரம் முழுக்க எனக்கு எதுவுமே ஓடல," என்றாள் அவள். "பிடிச்சிருக்கு, ஆல்ஸ்டன்."