ஆட்டின் ராணியின் முதுகில் ஒரு கீறல்

“சாயங்காலம் அஞ்சு மணிக்கு என்னை கிளப்பை விட்டு நீக்கப் போறாங்க. இப்பவே மணி மூணு,” என்றாள் அந்த நர்ஸ். ஆஸ்பத்திரிச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்.

மேசைக்கு அப்பால் இருந்தவர், போலிக் கையெழுத்துகளைக் கண்டுபிடித்துச் சொல்வதைத் தொழிலாகக் கொண்டவர். லென்ஸ்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். அவர் பக்கத்தில் இருந்தவர் மைத்துனர், மருந்துக்கடை நடத்துகிறார். அக்கா வீட்டுக்காரருக்கு வழக்கு ஒன்று வந்துவிட்டால் கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்துவிடுவார்.

“எதுக்கு நீக்கறாங்க?” என்றார் லென்ஸ்காரர்.

“சீட்டுல அடையாளம் வெச்சு ஆடினேனாம். நேத்து மதியம் பிரிட்ஜ் இறுதிப் போட்டி. நானும் என் மாமனாரும் ஒரு ஜோடி. எதிர்ல வக்கீலும் அவர் தம்பியும். ஆறு வருஷமா கோப்பை அவங்களுக்குத்தான். கடைசி ஆட்டத்தை நான் ஜெயிச்சதும் ரெண்டு ஜோடிக்கும் புள்ளி சமமாயிடுச்சு. இன்னிக்கு ஆறு மணிக்கு மறு ஆட்டம். அதுக்குள்ள, ஆட்டின் ராணியோட, அதான் சிவப்பு இதயம் போட்ட ராணிச் சீட்டோட, முதுகுல நகக் கீறல் இருக்குன்னு வக்கீல் புகார் குடுத்துட்டார்.”

“மாமனார் என்ன சொல்றார்?”

“நேத்திலேர்ந்து என்கிட்ட பேசல. அவரும் கமிட்டியில இருக்கார். நீக்கறதுக்குக் கையெழுத்து போடறேன்னு சொல்லிட்டாராம்.”

லென்ஸ்காரர் இழுப்பறையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்து அவள் முன் வைத்தார். “எனக்கு பிரிட்ஜ் தெரியாதும்மா. தெரியாதவனுக்குச் சொல்ற மாதிரி அந்த ஆட்டத்தைச் சொல்லு.”

அவள் சீட்டுகளைப் பரப்பினாள்.

“இது என் கை. இது மாமா கை. மேசையில திறந்து வெச்சது. ரெண்டையும் நான்தான் ஆடணும். நாலு பேரும் ஒவ்வொரு சீட்டு போட்டா ஒரு பிடி; பதிமூணு பிடியில பத்து எடுக்கறதா சொல்லியிருந்தேன். அதாவது, மூணு போகலாம். டைமன்ல ரெண்டு முதல்லயே போச்சு. கிளாவர்ல ஒண்ணு போறதுக்கு இருக்கு. ஆட்டின்ல எதுவுமே போகக் கூடாது. ஏஸ், ராஜா, ஜாக்கி எங்ககிட்ட; ராணி மட்டும் எதிராளிகிட்ட. வக்கீல்கிட்டன்னா இந்தப் பக்கத்திலேர்ந்து ஆடணும், தம்பிகிட்டன்னா அந்தப் பக்கத்திலேர்ந்து. பக்கம் மாறினா கதை முடிஞ்சது.”

“நீ எந்தப் பக்கம் ஆடின?”

“எந்தப் பக்கமும் ஆடல. ஆட்டினைத் தொடவே இல்ல. அவங்க துருப்பை எல்லாம் இறக்க வெச்சேன். டைமனை ரெண்டு கையிலயும் தீர்த்தேன். கிளாவர் ஏஸை எடுத்துட்டு, தோத்துப் போற கிளாவரை நானே போட்டேன். வக்கீல் பிடிச்சார். அடுத்த சீட்டு அவர்தான் இறக்கணும். ஆட்டின் இறக்கினா, ராணி யார்கிட்ட இருந்தாலும் எங்ககிட்ட மாட்டும். வேற எது இறக்கினாலும் ஒரு கையில துருப்பால வெட்டி, இன்னொரு கையிலேர்ந்து ஒரு ஆட்டினைத் தள்ளிடுவேன். எப்படிப் போனாலும் பத்து.”

“ஆஹா!” என்று துள்ளினார் மைத்துனர். “ராணி வக்கீல்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சுதானே அவர் கையில கிளாவரைக் குடுத்தீங்க? அப்படித்தான் கேப்பாங்க அத்தான்!”

“கேக்கட்டும் மாப்ளே.” லென்ஸ்காரர் அவளிடம் திரும்பினார். “ஆட்டம் முடிஞ்சதும் என்ன நடந்தது?”

“மாமா சந்தோஷத்துல சடக்குன்னு எழுந்தார். கைபட்டு டீ கவிழ்ந்து சீட்டெல்லாம் நனைஞ்சுபோச்சு. வக்கீல் கைக்குட்டையால துடைச்சு, சீட்டுக்கட்டைத் தன்கிட்டயே எடுத்து வெச்சுக்கிட்டார். அரைமணி கழிச்சு கீறலைக் காட்டினார்.”

லென்ஸ்காரர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

கிளப்பின் பின்னறையில் ஜன்னல்கள் மூடியிருந்தன. நீண்ட மேசையின் தலைமாட்டில் கிளப் தலைவர். அவர் முன்னால் தட்டச்சு செய்த நீக்கல் தாளும், புகாருக்கு உள்ளான அந்த ராணிச் சீட்டும். ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற மாமனார் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். மருமகள் உள்ளே வந்தபோது அவர் தலை நிமிரவில்லை. வக்கீல் சாய்ந்து உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார்.

“அஞ்சே நிமிஷம்,” என்றார் தலைவர்.

லென்ஸ்காரர் நேராக மாமனாரிடம் போனார். “பெரியவரே, நீங்கதான் எனக்கு உதவணும். ராணி வக்கீல் கையில இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்னு வெச்சுக்குங்க. எப்படி ஆடுவீங்க?”

கிழவர் வேண்டாவெறுப்பாக மேசையில் விரலால் கோடு போட்டார். “ஜாக்கியை விடுவேன். திரும்ப ஒன்பது. அப்புறம் ஏஸ், ராஜா. ஆட்டின்ல நாலு பிடி. நாலாவதுல அந்தத் தோக்குற கிளாவரைத் தள்ளிடுவேன்…” விரல் நின்றது. “பதினொண்ணு.”

“உங்க மருமக எத்தனை எடுத்தாங்க?”

“பத்து.”

“அந்தப் பதினோராவது பிடி வந்திருந்தா?”

“சமமாயிருக்காது. நேத்தே கோப்பை எங்களுக்கு.”

“கையில இருந்த கோப்பையை எந்தத் திருடனாவது விடுவானா? ராணி எங்கேன்னு தெரியாதவங்களுக்குத்தான் ஒரு பிடியை விட்டுக்குடுத்து எதிராளியைச் சிக்க வைக்கற வேலையே வேணும்.”

“பதினொண்ணு எடுத்தா சந்தேகம் வரும்னு அடக்கி வாசிச்சிருப்பா!” என்றார் வக்கீல். கால் ஆடுவது நின்றிருந்தது. “கீறல் இருக்கே? அதுக்கு என்ன பதில்?”

“அதைத்தான் பாக்கணும்.” லென்ஸ்காரர் ராணியைக் கவிழ்த்து வைத்து லென்ஸைப் பிடித்தார். “தலைவர் ஐயா, இங்க வாங்க. முதுகு முழுக்க டீக்கறை. கீறல் என்ன நிறம்?”

தலைவர் குனிந்தார். “வெள்ளை.”

“சீட்டு மேல வழவழப்பான பூச்சு இருக்கும். அது கீறிட்டா உள்ளே இருக்கற காகிதம் ஈரத்தை உறிஞ்சும். டீ கொட்டறதுக்கு முன்னாடியே இந்தக் கீறல் இருந்திருந்தா, மத்த இடத்தைவிட இங்கதான் கறை அதிகமா ஏறியிருக்கணும். வெள்ளையா இருக்கு. டீ காய்ஞ்சதுக்கு அப்புறம் கீறியிருக்காங்க. டீ கொட்டினது கடைசிப் பிடி விழுந்த பிறகு. இல்லையா பெரியவரே?”

“நான்தான் கவுத்தேன்,” என்றார் மாமனார்.

“அப்ப, அதுக்கப்புறம் அவளே கீறியிருக்கலாம்!” என்றார் வக்கீல்.

“ஆட்டம் முடிஞ்ச சீட்டைக் கீறி அவங்களுக்கு என்ன லாபம் வக்கீல் சார்? அதுவும் கட்டு உங்க கையில இருக்கும்போது?”

வக்கீல் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடித்துக்கொண்டார். தலைவர் அந்தத் தாளை இரண்டாகக் கிழித்தார். “நீங்க கிளம்பலாம்,” என்று வக்கீலிடம் மட்டும் சொன்னார்.

வக்கீல் போனதும் அவள் மாமனாரிடம் வந்தாள்.

“ஏன் மாமா?” என்றாள் அவள். “அந்தக் கணக்கை நேத்தே உங்களால போட்டிருக்க முடியுமே.”

கிழவர் நெடுநேரம் பேனாவை மூட முயன்றார், மூடி பொருந்தவில்லை. “நான் அந்த இடத்துல இருந்திருந்தா ஏதோ ஒரு பக்கம்னு குருட்டுத்தனமா அடிச்சிருப்பேன். கிளாவரைக் குடுக்கணும்னு எனக்குத் தோணியே இருக்காது. எனக்குத் தோணாதது உனக்கு எப்படித் தோணும்னு நெனச்சேன். அந்தக் கீறலைப் பாத்ததும், அதான் காரணம்னு மனசு ஒட்டிக்கிச்சு. தப்பும்மா. ரொம்பத் தப்பு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அவருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இன்னும் கோவமாத்தான் இருக்கேன் மாமா. ஆனா அந்தக் கிளாவரைக் குடுக்கறது எப்படின்னு சொல்லித் தரேன். வேற கட்டு எடுத்துட்டு வாங்க.”

ஐம்பது பெட்டி ரயிலை இழுத்துப் பழகிய அந்த மனிதர், சொன்ன சொல்லுக்கு எழுந்து அலமாரியை நோக்கி விரைந்தார்.