பூங்காவில் கோமளாவுக்கு வேலை

பள்ளிக்கூடத்தில் எடை பார்த்தார்கள். கோமளா மெஷின் மேல் ஏறி நின்றாள். நர்ஸ் முள்ளைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி "அதிகம்" என்றார்.

"மோட்டி!" என்றாள் யாரோ ஒருத்தி. தில்லியில் குண்டுப் பெண்ணை அப்படித்தான் கேலி செய்வார்கள். வகுப்பே சிரித்தது.

"தீனியைக் குறை. சாயங்காலம் ஓடி விளையாடு" என்றார் நர்ஸ்.

வீட்டுக்கு வந்து அம்மா காந்திமதியிடம் சொன்னாள் கோமளா. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எவ சொன்னது? எம்புள்ள ரெண்டு வாய் நல்லா தின்னா ஊருக்குப் பொறுக்கலையா? கண்ணு பட்டுடுச்சு!"

உப்பையும் மிளகாயையும் எடுத்து, மகளைச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி ஏறியது. இருவரும் இருமினார்கள்.

"ஏம்மா, கண்ணு பட்டிருந்தா நெடி வராதுன்னு நீதானே சொல்லுவ?"

அம்மா அடுப்பை அணைத்தாள். வேலை செய்யும் வீட்டில் மிஞ்சிய கேக்கை மகள் கையில் வைத்தாள்.

"தின்னுட்டு டிவி பாரு. பசிச்சா சிப்ஸ் இருக்கு. நான் வெளியே பூட்டிட்டுப் போறேன்."

அந்தச் சந்தில் எல்லா அம்மாக்களும் பூட்டிவிட்டுத்தான் போவார்கள். வெளியே லாரி வரும், குடிகாரர்கள் வருவார்கள். பூட்டாமல் போக யாருக்குத் தைரியம்?

"அப்புறம் நான் எங்கம்மா ஓடுறது? என்னையும் கூட்டிட்டுப் போ. நீ வேலை செய்யற இடத்துல பார்க் இருக்கே."

"உள்ள விடமாட்டாங்கடி."

"கேட்டுத்தான் பாப்போமே."

அம்மா அழைத்துப் போனாள். அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் வாட்ச்மேன் கம்பை நீட்டினார். "பார்க் இங்கே குடியிருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தான்" என்று இந்தியில் சொன்னார்.

"பையா, எங்கம்மா தினமும் உள்ள போறாங்களே?" என்றாள் கோமளா. இந்தியில் பையா என்றால் அண்ணன்.

"அவங்க வேலைக்குப் போறாங்க. நீயும் அம்மாகூட மேலே போ. பார்க் பக்கம் வராதே."

அம்மா வேலை செய்யும் மாடி வீட்டில், வீட்டுக்காரி ராஜலக்ஷ்மியின் மகள் மானசா, சோபாவில் மொபைலும் பிஸ்கட்டுமாகக் கிடந்தாள். அவளும் கோமளாவைப் போலவே குண்டு.

"இவளுக்கும் ஸ்கூல்ல வெயிட் ஜாஸ்தின்னு சொல்லிட்டா. கீழே போய் விளையாடுன்னா கேக்கறாளா?" என்றாள் ராஜலக்ஷ்மி.

"போனா எல்லாரும் சிரிக்கறா" என்றாள் மானசா, தலை நிமிராமல்.

கோமளா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னையும்தான் மோட்டிங்கறாங்க. நான் கூட வரேன். சிரிச்சா ரெண்டு பேரையும் பாத்துச் சிரிக்கட்டும். ஆளுக்குப் பாதிதான் வரும்."

மானசா மொபைலைக் கீழே வைத்தாள்.

"அச்சா!" என்றாள் ராஜலக்ஷ்மி. "கோமளா, இவளைப் பாத்துக்கோ. வாட்ச்மேன் கேட்டா, எங்காத்து வேலைக்கு வந்திருக்கேன்னு சொல்லிடு."

காந்திமதியின் முகம் சுருங்கியது. "எம்பொண்ணு படிக்கிற பொண்ணும்மா..." என்று ஆரம்பித்தவள், பாதியிலேயே நிறுத்திக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போனாள். வீடு வீடாகத் தேய்த்த கை அது. மகளுக்கு வேலைக்காரி என்ற பெயர் வரக்கூடாது என்றுதான் இத்தனை நாள் இங்கே அழைத்து வராமல் இருந்தாள்.

கோமளாவுக்கும் அது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் மானசா ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

பூங்காவில் இருவரும் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். வாட்ச்மேன் வந்துவிட்டார்.

"ஏய், உன்னை வரக்கூடாதுன்னு சொன்னேனே. விளையாடறியா?"

கோமளா இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள்.

"இல்ல பையா, வேலை. மேல கேட்டுப் பாருங்க. ரொம்பக் கஷ்டமான வேலை!"

சொல்லிவிட்டு, மானசாவைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.